வெண்கோலின் உயரம்

அன்புள்ள அக்கா,

பார்வையற்றோருக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்வேன், தேர்வுகளுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல விடை எழுதும் ஸ்கிரைபாகப் போவேன். சமீபத்தில் பயனாளிகள் சிலர் எங்கள் நிறுவனத்தில் தங்களுக்கு நேர்ந்ததை வெளிப்படையாக எழுதுகிறார்கள். வழியறிந்து நடக்கக் கொடுத்த வெண்கோல் உயரம் போதவில்லை, விண்ணப்பப் படிவத்தை ஸ்க்ரீன் ரீடர் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வாசிக்கவில்லை, எதைக் கொடுத்தாலும் போட்டோ எடுக்கிறார்கள் என்றெல்லாம். நன்கொடையாளர்கள் பார்த்தால் என்ன ஆகும்? இலவசமாகக் கிடைப்பதில் இவ்வளவு குறை சொல்வது நன்றிகெட்டதனமாகப் படுகிறது. அவர்களிடம் எப்படிப் பேசுவது? ‘பார்வையற்றவர்’ என்ற சொல் சரிதானா என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சொல்லைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், யாருக்காக வாசிக்கிறீர்களோ அவரிடம் கேளுங்கள். நன்கொடையாளர்களைப் பற்றி நான் கவலைப்படப் போவதில்லை. ‘நன்றிகெட்டதனம்’ என்று எழுதினீர்களே, அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

வெண்கோல் பொதுவாக நெஞ்செலும்பு வரை எட்ட வேண்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தை, கால் போவதற்கு முன்பே அதன் நுனி தொட்டுச் சொல்லிவிட வேண்டும். கோல் குட்டையாக இருந்தால் பள்ளம் இருப்பது தெரியும்போது கால் பள்ளத்துக்குள் இருக்கும். உயரமான ஒருவர் ‘எனக்கு இது போதவில்லை’ என்கிறார். இதில் நன்றி எங்கே வந்தது? ஸ்கேன் செய்து அனுப்பிய படிவம் ஸ்க்ரீன் ரீடருக்கு வெறும் படம், அதில் வாசிக்க எழுத்தே இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதை எழுதவே ஒருவர் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. போட்டோ விஷயத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி, விவாதிக்க ஒன்றுமில்லை.

நானும் உங்களைப் போல வாசித்தவள்தான். கேசட் காலம். ஒரு கல்லூரி மாணவனுக்கு வரலாற்றுப் புத்தகம் ஒன்றை முழுதாகப் பதிவு செய்தேன். போர் வரும் இடத்தில் குரலை உயர்த்தி, மரணம் வரும் இடத்தில் தாழ்த்தி, உருகி உருகி வாசித்தேன். அட்டவணையும் அடிக்குறிப்பும் அவனுக்கு அலுப்பாக இருக்கும் என்று நானே விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “அக்கா, பக்க எண் சொல்லவே இல்லையே. வகுப்பில் நாற்பதாம் பக்கம் என்றால் நான் எங்கே போய்த் தேடுவேன்? அடிக்குறிப்பு எனக்கு வேண்டாம் என்று யார் சொன்னது?”

எனக்குக் கோபம் வந்தது. தொண்டை வற்ற வாசித்தவளுக்கு இதுதானா பதில் என்று இரண்டு வாரம் அவனிடம் போகவில்லை. அவனுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு வாரம் அது. இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அப்புறம் போய், முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன், எண்ணும் அடிக்குறிப்புமாக.

பாரிஸ் பள்ளியின் கதையை நினைத்துப் பாருங்கள். பார்வையற்றோருக்காக அதைத் தொடங்கிய வாலன்டைன் ஹாய் நல்ல மனிதர். சாதாரண எழுத்துகளையே தாளில் புடைக்கச் செய்து பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அழகான எழுத்து, ஆனால் விரலுக்கு ஒவ்வொன்றும் ஒரு சிக்கல், எழுதவோ வழியில்லை. அங்கே படித்த லூயி பிரெய்ல் 1824இல், பதினைந்து வயதில், ஒரே விரல்நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளால் ஆன எழுத்துமுறையை உருவாக்கினான். அது பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை, 1840களில் தடையே வந்தது. தாங்கள் வாசிக்க முடியாத எழுத்தில் மாணவர்கள் எழுதுவதைப் பார்வையுள்ளவர்களால் ஏற்க முடியவில்லை. பள்ளி அதை முறைப்படி ஏற்றது 1854இல். பிரெய்ல் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முப்பது வருடம், தம்பி! அந்தப் பிள்ளைகளையும் நன்றிகெட்டவர்கள் என்பீர்களா?

இன்று பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரை 2006இல் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேவும் அப்படியே. என்ன வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் பார்வையற்றவர்கள் எத்தனை பேர்? நீங்கள் அதை எழுதவே இல்லை. ஒருவரும் இல்லையென்றால், அவர்கள் வெளியே எழுதாமல் வேறு எங்கே போய்ச் சொல்வார்கள்?

இரண்டு வருடம் விடாமல் வாசிப்பது லேசான காரியம் இல்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன். பயனாளிகள் எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள். வெண்கோல் வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் நிற்கவைத்து உயரம் அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் ஒலிப்பதிவுகளில் பக்க எண் சொல்கிறீர்களா? பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா