ஆராய்ச்சிக்காக அப்பாவுக்கு மீண்டும் எம்.ஆர்.ஐ.: ஒப்புதல் கொடுக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. கோவையில் லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையில் 1.6 இருக்கிறது. ஓராண்டாக மறதி கூடியதால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, வயதுக்கேற்ற சுருக்கம்தான் என்றார்கள். இப்போது அங்குள்ள கதிரியல் துறையினர், ஓர் ஆராய்ச்சிக்காக 3 டெஸ்லா இயந்திரத்தில் ஊசி மருந்து செலுத்தி இன்னும் இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுக்க ஒப்புதல் கேட்கிறார்கள். செலவு கிடையாதாம். “இலவசமாக முழுப் பரிசோதனை செய்ததுபோல் ஆகுமே” என்கிறார் அப்பா. கதிர்வீச்சு உடம்பில் சேருமா, ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்குமா, மறுத்தால் சிகிச்சையில் குறை வைப்பார்களா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.
– வாசகி, கோவை

பதில்: உங்கள் மூன்று கவலைகளில் முதலாவதை உடனே விட்டுவிடலாம். எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு படமெடுக்கிறது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றில் உள்ள அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை. எத்தனை முறை எடுத்தாலும் உடலில் கதிர்வீச்சு சேர்வதற்கு வழியில்லை.

அதே நேரத்தில், நீங்கள் கேட்காத ஓர் ஆபத்தை நான் சொல்லியாக வேண்டும். 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு வலிமையானது. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். லேத்திலும் கிரைண்டரிலும் வேலை செய்தவர்களின் கண்ணில், அவர்களுக்கே தெரியாமல் அல்லது எப்போதோ தெறித்து மறந்துபோன இரும்புத் துகள் தங்கியிருக்கக்கூடும். அந்தத் துகள் காந்தப் புலத்தில் அசைந்தால் கண்ணுக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டுப் பார்வையே பறிபோகலாம். முதல் ஸ்கேனில் ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் வைத்து இதைத் தள்ளிவிடாதீர்கள். அப்பா செய்த வேலையைக் கதிரியல் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கண்ணில் தூசு விழுந்து மருத்துவர் எடுத்துவிட்ட அனுபவம் ஒருமுறையாவது இருந்திருந்தால், முன்கூட்டியே கண்குழிகளுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். இதயத்தில் வைத்த ஸ்டென்ட், பேஸ்மேக்கர், எலும்பில் பொருத்திய கம்பி போன்றவை இருந்தால் அவற்றின் அட்டையையோ டிஸ்சார்ஜ் சுருக்கத்தையோ கையோடு கொண்டு செல்லுங்கள், 1.5 டெஸ்லாவில் பாதுகாப்பானது என்று சான்று பெற்ற ஒரு சாதனம் 3 டெஸ்லாவிலும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. அரைஞாண் கொடியையும் அதில் கட்டிய தாயத்தையும் பலர் கழற்ற மறந்துவிடுகிறார்கள், சிலர் கழற்றத் தயங்குகிறார்கள். மறதி உள்ளவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பெறும் பதிலை நம்பி அறைக்குள் அனுப்பக் கூடாது என்பதால், சோதனைப் படிவத்தை நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பது அவசியம்.

அடுத்து ஊசி. படம் தெளிவாகத் தெரிவதற்காக எம்.ஆர்.ஐ.க்குச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது கேடோலினியம் என்ற உலோகம். அது தனியாக உடலில் நச்சாகும் என்பதால் வேறொரு மூலக்கூறுக்குள் பிணைத்துத் தருகிறார்கள். சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களிடம் இந்த மருந்து வெளியேறத் தாமதமாகும். பிணைப்பு தளர்ந்து உலோகம் பிரிந்தால் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நெஃப்ரோஜெனிக் சிஸ்டமிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வரலாம். இந்தத் தொடர்பை 2006இல் ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் இருந்த மருத்துவர்கள், தங்கள் நோயாளிகளின் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டறிந்தார்கள். அதன் பிறகே சிறுநீரகத் திறனைப் பார்த்துவிட்டு ஊசி போடும் வழக்கம் உலகமெங்கும் வந்தது. ஊசி போட்டதும் வேலை முடிந்தது என்று இராமல், அதைப் பெற்றவர்கள் பின்னாளில் எப்படி இருக்கிறார்கள் என்று யாரோ கவனித்ததால்தான் இன்று உங்கள் தந்தைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. அத்தகைய ஆராய்ச்சியின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

உங்கள் தந்தையின் வயதையும் கிரியேட்டினின் 1.6 என்ற அளவையும் கொண்டு கணக்கிட்டால், சிறுநீரகம் வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., ஏறக்குறைய 47 வருகிறது. இது இயல்பைவிடக் குறைவுதான். ஆனாலும் பெரிதும் அஞ்ச வேண்டிய 30 என்ற எல்லைக்கு மேலே இருக்கிறது. உலோகத்தை வளையம்போல் சூழ்ந்து இறுகப் பிடிக்கும் கேடோபுட்ரால், கேடோடெரேட் போன்ற மருந்துகளில் அந்த நோய் மிக மிக அரிது. பிணைப்பு தளர்ந்த நேர்கோட்டு வகை மருந்துகளில் சிலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்திவைத்தது. ஆகவே எந்த மருந்தைச் செலுத்தப்போகிறார்கள் என்று பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய கிரியேட்டினின் அறிக்கையை வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்பு புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பலமுறை இந்த ஊசி பெற்றவர்களின் மூளையில் சில பகுதிகள் படத்தில் வெளுத்துத் தெரிவதை ஜப்பானியக் கதிரியல் மருத்துவர்கள் 2014இல் பதிவு செய்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடமும் மிகச் சிறிய அளவு கேடோலினியம் மூளையில் தங்குகிறது என்பது பின்னர் உறுதியானது. அதனால் மூளைக்குக் கேடு விளைந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. சிகிச்சைக்குத் தேவை என்றால் நான் தயங்காமல் இந்த ஊசியை எழுதுவேன். ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால், ஊசி இல்லாத பிரிவில் சேர்க்க முடியுமா என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

அப்பா எதிர்பார்க்கும் “முழுப் பரிசோதனை” பற்றி அவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். ஆராய்ச்சி ஸ்கேன் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடி எடுக்கப்படுவது. நோயைத் தேடுவதற்கு வேண்டிய படவரிசைகள் அதில் இல்லாமல் போகலாம். சில ஆய்வுகளில் படங்களைக் கணினி அளந்து முடித்துவிடும், கதிரியல் மருத்துவர் ஒவ்வொன்றையும் வாசித்து அறிக்கை தரமாட்டார். மறுபுறம், தேடாத ஏதாவது தென்படவும் செய்யலாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பொதுமக்கள் 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறியில்லாத மூளைத் திசு இறப்பு 7.2 விழுக்காட்டினரிடமும், இரத்தநாளப் புடைப்பு 1.8 விழுக்காட்டினரிடமும், தீங்கற்ற கட்டிகள் 1.6 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் தெரிந்துவிட்டால் வீட்டில் நிம்மதி போய்விடும். அப்படி ஏதாவது தென்பட்டால் யார் உங்களிடம் சொல்வார்கள், மேற்கொண்டு செய்யும் பரிசோதனைகளின் செலவு யாருடையது என்பதைக் கையெழுத்திடும் முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மறுத்தால் சிகிச்சை பாதிக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பங்கேற்பது முழுக்க உங்கள் விருப்பம். பாதியில் விலகவும் உரிமை உண்டு, விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் எழுதப்பட்ட தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தின் நகலையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டு சென்று, இரண்டு மூன்று நாள் வைத்துப் படித்துப் பாருங்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண், பாதிப்பு நேர்ந்தால் கிடைக்கும் இழப்பீடு, பெயரை நீக்கிய பின் படங்கள் யாரிடம் போகும் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மறதியால் அப்பா தாமே புரிந்து முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதியாக நீங்கள் கையெழுத்திடலாம். ஆனாலும் அவரிடம் எளிய சொற்களில் விளக்கி, அவர் சம்மதத்தையும் கேட்க வேண்டும். ஸ்கேன் நாளில் “வேண்டாம்” என்று அவர் அடம்பிடித்தால் வற்புறுத்தாமல் அழைத்து வந்துவிடுங்கள்.

கண், சிறுநீரகம், மருந்தின் பெயர் ஆகியவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைத்து, அப்பாவும் விரும்பினால், தாராளமாகச் சேரலாம் என்பதே என் கருத்து. இந்த ஊசிக்காக மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை, சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்துக்கான எச்சரிக்கையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மெட்ஃபார்மின் பற்றி வேறொரு காரணத்துக்காக நீங்கள் யோசிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதைச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைபாடே மறதியை உண்டாக்கலாம். உங்கள் கடிதத்தில் பி12, தைராய்டு பரிசோதனைகள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டுமே எளிய இரத்தப் பரிசோதனைகள், குறை இருந்தால் சரிசெய்யக்கூடியவை. ஆராய்ச்சியில் சேர்கிறீர்களோ இல்லையோ, இந்த வாரமே அவற்றைச் செய்து, அறிக்கையோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.