ராஜாவின் அங்கியில் ஒரு யானை

அன்புள்ள ஐயா,

பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு சுருக்குப்பை கிடைத்தது. உள்ளே கறுத்துப்போன 1911ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்று, தேய்ந்த செப்புக்காசு இரண்டு, வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் ஒன்று. அந்த ஐந்து ரூபாய்க்கே பத்து லட்சம் தருவதாக யூடியூபில் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? என்னிடம் படம் நகர்ந்து விழுந்த ஒரு ரூபாய்க் காசும் இருக்கிறது. எதை வைத்துக் காசுக்கு மதிப்பு வருகிறது? வெள்ளி ரூபாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா?

மீனாட்சி, திண்டுக்கல்

அன்புள்ள மீனாட்சி,

அந்த 1,850 ரூபாயைக் கட்டாதீர்கள். வாங்குகிறவர்தான் பணம் தரவேண்டும். விற்கிறவரிடம் முன்பணம் கேட்டாலே அது மோசடி. தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் வசூலிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வைஷ்ணவ தேவி காசு 2012இல் புழக்கத்துக்கென்றே ஏராளமாக அடித்தது. லட்சம் எல்லாம் வீடியோவில்தான்.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசுக்கு ஆயிரம் வயது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. சுமாரான நிலையில் இருப்பதைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம், அவ்வளவு கிடைக்கிறது. 1939ஆம் வருட வெள்ளி ரூபாய்க்கு அந்த வயதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது கண்ணில் படுவதே அபூர்வம், அதனாலேயே போலிகளும் அதிகம். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது, இவைதான் கணக்கு.

உங்கள் பையில் நான் பார்க்க ஆசைப்படுவது அந்த 1911 ரூபாயைத்தான். அது ஐந்தாம் ஜார்ஜின் தலை போட்ட ரூபாய். அவர் அங்கிமேல் கிடக்கும் சங்கிலியில் மிளகளவில் ஒரு யானை இருக்கும். துதிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டதால் ஜனங்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்துப்போனார்கள். சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912இல் துதிக்கையை நீட்டி வேறு அச்சு செய்தார்கள். ‘பன்றி ரூபாய்’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதற்கும் லட்சம் வராது. ஆனால் நல்ல நிலையில் இருந்தால் வெள்ளி விலையைத் தாண்டி நன்றாகவே போகும்.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு 1911 ரூபாய் இருந்தது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல நான் அதை விபூதி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. பிறகு ஒரு சேகரிப்பாளர் அதை டியூப்லைட்டுக்குச் சாய்த்துக் காட்டினார். முகமெல்லாம் முடி முடியாய்க் கீறல், யானை இருந்த இடத்தில் ஒரு மேடு. எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தக் கறுப்புதான் காசை யாரும் தொடவில்லை என்பதற்குச் சாட்சி.

அப்புறம் அந்தப் பிழைக் காசு. படம் பதியாத வெறும் உலோக வில்லை அச்சுக்கு நடுவில் சரியாக உட்காராவிட்டால் படம் ஒதுங்கி, மறு ஓரம் மொட்டையாக நிற்கும். லேசாக நகர்ந்ததை யாரும் சீண்டமாட்டார்கள். பாதி நகர்ந்து, வருடமும் தெரிந்தால்தான் மதிப்பு. எனக்குப் பிடித்தது வேறு வகை. அடித்த காசு சிலசமயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடும். புதுக் காசில் ஒரு பக்கம் படம் எடுப்பாக இருக்கும், மறுபக்கம் அதே படம் குழிந்து இடவலம் மாறியிருக்கும். இரண்டு காசைப் பட்டறையில் இருக்கும் வைஸ் என்ற இடுக்கியில் வைத்து இறுக்கி இதைப் போலியாகவும் செய்கிறார்கள். அதில் குழிக்கு அடியில் பழைய படத்தின் மிச்சம் தெரியும், பின்பக்கமும் நசுங்கியிருக்கும்.

செப்புக்காசுகளைப் பார்க்காமல் சொல்லமுடியாது. இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். வெள்ளி ரூபாயை விளிம்பில் பிடித்து, காலை வெயிலில் கொஞ்சம் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தக் குட்டைத் துதிக்கை இன்னும் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.