ஒரு கிலோ சூரைக்கு எவ்வளவு பாசி?

வணக்கம் ஐயா,

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு உணவுச்சங்கிலிப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படியிலும் 10 சதவீத ஆற்றல்தான் மேலே போகும் என்கிறது புத்தகம். “ஆற்றலை அழிக்க முடியாதுன்னு பிசிக்ஸ்ல இருக்கே, அப்போ மீதி 90 எங்கேம்மா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தினமும் மீன்தான். அதை வைத்தே விளக்கினால் நல்லது.

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

சரியான இடத்தில் மடக்கியிருக்கிறாள் மகள். எதுவும் அழியவில்லை. சூரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீந்துவதை நிறுத்தினால் அதற்கு மூச்சு முட்டிவிடும். இரவும் பகலும் ஓட்டம்தான். போதாததற்கு, சுற்றியுள்ள தண்ணீரைவிட உடம்பும் சூடு. தின்ற நெத்திலியில் பெரும்பங்கு இப்படி எரிந்து, வெப்பமாகிக் கடலில் கலந்துவிடும். செரிக்காதது கழிவாகப் போகும். சதையாகச் சேர்ந்த கொஞ்சம்தான் உங்கள் குழம்புக்கு. கடலில் கலந்த அந்த வெப்பத்தை வைத்து எந்தப் பாசியும் தனக்கு உணவு தயாரிக்க முடியாது. அதற்கு வெளிச்சம் வேண்டும்.

தோராயமாகக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ சூரைக்கு 10 கிலோ நெத்திலி, அதற்கு 100 கிலோ மிதக்கும் சிற்றுயிர்கள், அதற்கு 1,000 கிலோ நுண்பாசி. சாளை அந்தப் பாசியையே நேராக வடிகட்டித் தின்னும். நடுவில் இத்தனை பேருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் 10 என்பது வேதவாக்கு அல்ல. ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் என்ற சின்ன ஏரியை வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். வெயிலில் பாசியும் செடிகளும் பிடித்தது 0.1 சதவீதம், அவற்றைத் தின்றவை எடுத்தது 13.3, அடுத்த படி 22.3. வெறும் கோட்பாடாக இருக்கிறது என்று கட்டுரையை முதலில் நிராகரித்தார்கள். 1942-இல் அது அச்சில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, 26 வயதில், அவர் இறந்துவிட்டார். பரீட்சையில் மகள் 10 என்றே எழுதட்டும், மார்க் முக்கியம்.

அப்புறம் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றின்போது உங்கள் பக்கக் கடலில் ஆழத்துத் தண்ணீர் மேலே ஏறும். செத்து மூழ்கியவற்றின் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதோடு திரும்பி வரும். பாசி பெருகும், சாளைக்கும் கொண்டாட்டம். சூரை விட்ட வெப்பம் மட்டும் அந்த வண்டியில் ஏறாது.