தலித் கிறிஸ்தவங்களுக்கு ஏன் எஸ்சி சர்டிபிகேட் கிடைக்கிறதில்ல? சர்ச்சுல ஜாதி கிடையாதுன்னு தானே சொல்றாங்க?

காரணம் 1950ல வந்த ஜனாதிபதி ஆணை. அதோட மூணாவது பத்தி இந்துக்கள் மட்டும்தான் எஸ்சின்னு சொல்லுச்சு, அப்புறம் 1956ல சீக்கியர்களையும் 1990ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க, கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் இன்னிக்கு வரைக்கும் சேர்க்கல. தமிழ்நாட்டுல இவங்க பிசி லிஸ்ட்ல வர்றாங்க, அதனால தனித்தொகுதியில நிக்க முடியாது, வன்கொடுமை சட்டத்துலயும் கேஸ் போட முடியாது.

சர்ச்சுல ஜாதி இல்லன்னு சொல்றது போதனையில மட்டும்தாங்க. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துல தலித்துகளைத் தனியா புதைக்க நடுவுல சுவரே இருக்கு. எத்தனையோ ஊர்ல தேர்த்திருவிழா தேர் காலனிப் பக்கம் வராது. ஊர்க்காரனுக்கு இவன் தலித், தாலுகா ஆபீஸ்ல மட்டும் இவன் தலித் இல்ல, இது எந்த ஊரு நியாயம்?

அதனாலதான் நிறைய குடும்பத்துல பையனுக்கு ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல அந்தோணி, ஸ்கூல் டிசியில வேற பேரு, மதம்னு கேட்ட இடத்துல இந்து. இதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் புதுச்சேரி பெண் ஒருத்தங்க கேஸ்ல, சலுகைக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியலமைப்பையே ஏமாத்துறதுன்னு சொல்லிடுச்சு.

மத்திய அரசு போட்ட ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 1950 ஆணையோட அந்த மூணாவது பத்தியையே தூக்கச் சொல்லுச்சு, தலித் கிறிஸ்தவங்களுக்கும் எஸ்சி அந்தஸ்து குடுக்கணும்னு தமிழக சட்டசபையும் 2023ல தீர்மானம் போட்டுச்சு. முடிவு டெல்லி கையிலதான் இருக்கு. கல்லறைச் சுவரை இடிக்க டெல்லி வேணாம், அதை ஆயர்கள்தான் முன்ன நின்னு செய்யணும்.