ஊமை பாஷை என்று ஒன்று இல்லை

கேள்வி: என் மருமகள் எட்டு மாதப் பேரனுக்கு ஊமை பாஷை சொல்லிக்கொடுக்கிறாள். பால் வேண்டுமென்றால் கையை மூடித் திறக்க வேண்டுமாம். இதனால் பேச்சு தள்ளிப்போகாதா? – ஒரு பாட்டி, கரூர்.

பதில்: தள்ளிப்போகாது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 40 குழந்தைகளை எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம் வரை கவனித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். சைகை கற்ற குழந்தைகள் பேச்சில் பின்தங்கவில்லை, முந்தவும் இல்லை. ஆனால் அந்த அம்மாக்கள் பிள்ளையின் சின்னச் சின்னக் குறிப்புகளைக்கூட நன்றாகக் கவனித்தார்கள். எனவே, அறிவு வளரும் என்று சொல்லி யாராவது வகுப்புக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டில் செய்தால் தடுக்காதீர்கள். குழந்தை கை கொட்டுவதற்கென்றே சப்பாணிப் பருவம் என்று ஒன்றை வைத்துப் பாடியது நம் பிள்ளைத்தமிழ்.

சரி அம்மா, 'ஊமை பாஷை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிட்டு என்னால் நகர முடியவில்லை. இந்தச் சொல்லுக்காக இதே பக்கத்தில் முன்பும் சண்டை போட்டிருக்கிறேன். உங்கள் பேரன் கற்பது நாலைந்து சைகை. சைகை மொழி என்பது வேறு. அதற்குச் சொல் உண்டு, இலக்கணம் உண்டு. அதில் கோபிக்கலாம், கதை சொல்லலாம், பொய்யும் சொல்லலாம். அமெரிக்கச் சைகை மொழி ஒரு முழு மொழிதான் என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-இலேயே எழுதிக் காட்டினார். காது கேளாத பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தை, நம் பிள்ளைகள் வாயால் மழலை பேசும் வயதில் கையால் மழலை பேசுகிறது. 1991-இல் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சைகை மொழியைத்தான் 1880-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் மாநாடு கூடிய காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் பள்ளிகளிலிருந்து விரட்டினார்கள். வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் வருத்தம் தெரிவித்தது 2010-இல். இடையில் 130 வருடம்! கையால் பேசியதற்காக எத்தனை பிள்ளைகள் அடி வாங்கினார்கள்!

காது கேட்கும் குழந்தைக்கு இன்று ஆசையாகச் சைகை சொல்லித்தருகிறோம். அது இல்லாமல் தவிக்கும் குழந்தைக்கு, 'பேச்சு வராது' என்று பயமுறுத்தி மறுக்கிறோம். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் இரண்டு வயது மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவளுக்குக் காது கேட்காது. பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினாள். அப்பா பார்க்காததுபோல் உட்கார்ந்திருந்தார். பேச்சுப் பயிற்சியில் அப்படித்தான் இருக்கச் சொல்லியிருந்தார்களாம். அவள் மறுபடியும் காட்டினாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.