அம்மாவின் ‘மரபணு வயது’ பார்க்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் பெரியகல்லாறு. எனக்கு 35 வயது. 1990 பிரச்சினையில் அம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர். அந்த வருடமே அப்பாவும் இல்லாமல் போனார். 2004 சுனாமியில் வீடும் போய்விட்டது. இப்போது அம்மாவுக்கு 66 வயது, சீனி வருத்தமும் பிறசரும் இருக்கிறது. கொழும்பில் இருக்கும் பெரியம்மாவைவிட மூத்தவர் போலத் தெரிகிறார். பட்ட கஷ்டமெல்லாம் மரபணுவில் பதிந்துவிடுமாம், ‘மரபணு வயது’ சோதனைக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறார் கனடாவில் உள்ள அண்ணா. செய்யலாமா? இது என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: சோதனை வேண்டாம். ஆனால் அண்ணா சொன்னதில் உண்மை இருக்கிறது.

மரபணு என்பது பிறப்போடு வந்த வாய்க்கால் என்றால், எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று திறந்து மூடும் மதகுகளும் உண்டு. மெத்தில் என்ற சின்ன இரசாயனக் குறிகள் மரபணுவின்மேல் ஒட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்கின்றன. இப்படியான குறிகளின் மொத்தத் தொகுப்பைத்தான் எபிஜெனோம் என்கிறோம். பசி, புகையிலை, நீண்டகாலப் பயம், நித்திரையின்மை எல்லாம் இந்தக் குறிகளை மாற்றக்கூடியவை. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிடம்கூட வயது ஏற ஏற இவை வேறுபட்டுப் போகின்றன.

இதற்கு நல்ல சான்று நெதர்லாந்தில் கிடைத்தது. 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம். அந்த மாதங்களில் கருவானவர்களைச் சுமார் 60 வருடம் கழித்து, பஞ்சத்தில் அகப்படாத அவர்களின் சகோதரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பஞ்சத்தில் கருவானவர்களிடம், வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. கருவில் அந்தப் பஞ்சத்துக்கு அகப்பட்டவர்களிடம் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தது. தாயின் வயிற்றில் இருந்தபோது பட்ட பசி, பேரப்பிள்ளை காணும் வயதிலும் உடம்பில் தெரிகிறது. இந்த இடத்தில் நான் உங்களைப் பற்றியும்தான் யோசிக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மரபணு வயது சோதனைக்கு வருவோம். 2013இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் 353 இடங்களில் உள்ள மெத்தில் குறிகளை வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். இதை ஒரு கடிகாரம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில், சிறுவயதில் வறுமைப்பட்டவர்களிடமும் படிப்பு வாய்ப்புக் குறைந்தவர்களிடமும் இந்தக் கடிகாரம் சராசரியாக வேகமாக ஓடுவது, அதாவது உண்மை வயதைவிடக் கூடக் காட்டுவது தெரிந்தது. ‘சராசரியாக’ என்பதைக் கவனியுங்கள். கூட்டமாகப் பார்க்கும்போதுதான் இது பலமான கருவி. ஒரே இரத்த மாதிரியை இரண்டு தடவை அளந்தாலே சில வருட வித்தியாசம் வரலாம். அம்மாவுக்கு 72 என்று வந்தால் எந்த வைத்தியரும் அதைப் பார்த்து மருந்தை மாற்றப்போவதில்லை. அம்மாவின் மனம்தான் நோகும்.

பிள்ளைகளுக்கு வருமா? கரு உருவாகும் நேரத்தில் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டு, புதிதாக எழுதப்படுகின்றன. தலைமுறை தாண்டிப் போகிறது என்பதற்கு மனிதர்களில் உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள்.

சரி, அண்ணாவின் காசை என்ன செய்யலாம்? களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும் நாளில் அம்மாவை ஓட்டோவில் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். சீனி பார்க்க வெறும் வயிற்றோடு விடியவே போய் வரிசையில் நிற்கும் 66 வயதுப் பெண், மயக்கம் வந்தால் அடுத்த மாதம் போகவே மாட்டார். கையில் பாணும் வாழைப்பழமும் கொண்டுபோங்கள், இரத்தம் எடுத்ததும் கொடுங்கள். கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி, கண்ணின் உள்விழித்திரை, சிறுநீரில் புரதம், கால் பாதம் ஆகியவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? விடுபட்டதை முதலில் செய்யுங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்றால் அதை நிறுத்த உதவுங்கள். சிகரெட்டை விட்டவர்களில் புகை மாற்றிய குறிகள் பல, வருடங்கள் போகப் போக ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் ஆறுதல் தருவது இதுதான்.

அப்புறம் அம்மா யாரோடு சாப்பிடுகிறார் என்று பாருங்கள். எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, குசினியில் தனியாக இருந்து மிஞ்சிய சோற்றில் சொதியை ஊற்றிச் சாப்பிடும் அம்மாமார்தான் எங்கள் ஊரில் அதிகம். சோறு கூடும், மரக்கறியும் மீனும் குறையும். ஒன்றாக உட்கார வைத்து, தட்டில் பாதிக்கு மரக்கறி போடுங்கள். தாயும் மகளும் ஒரே வளவில் இருக்கும் எங்கள் வழக்கம் பெரிய பலம். தனிமை நீண்டால் உடம்பில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் கூடுதலாக இயங்குவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் கடல் இரைந்தால் நித்திரை வராமல் எழும்பி இருக்கிறாரா? அதை ‘வயசுக்கோளாறு’ என்று விடாதீர்கள். கிளினிக் வைத்தியரிடம் சொல்லி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

இனி நீங்கள். அம்மாவுக்குச் சீனி, நீங்கள் கருவில் இருந்தது இடம்பெயர்வுக் காலம், இப்போது வயது 35. அரசாங்கத்தின் சுகாதார வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதிலிருந்து சீனி, பிறசர், உடல் நிறை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது உங்களுக்கு எந்த நாளில் வரலாம் என்று கேட்டு வாருங்கள்.