கூச்சப்படும் மகளை நாடகப் பயிலரங்குக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். வெளியில் நாலு பேர் இருந்தால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கான நாடகப் பயிலரங்கு ஒன்று 10 நாள் நடக்கிறது. கடைசி நாள் பெற்றோர் முன்னிலையில் மேடையில் நாடகம் போடுவார்களாம். "சேர்த்துவிட்டால் கூச்சம் போய்விடும்" என்கிறார் கணவர். மேடையில் அழுதுகொண்டு நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம். 13 வயது மகனும் தானாகவே "நானும் போகிறேன்" என்கிறான். நடிப்பு ஆசை வந்து படிப்பு கெட்டுவிடுமோ என்று அதுவும் யோசனையாக இருக்கிறது. இருவரையும் அனுப்பலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்பலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன், நடத்துபவர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த 10 நாளில் எத்தனை நாள் அந்தக் கடைசி நாள் நாடகத்துக்கான ஒத்திகை? இரண்டாம் நாளே வசனத் தாளைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் இடம் என்றால், உங்கள் மகளுக்கு அது வேண்டாம். அப்படிப்பட்ட இடங்களில் குரல் எடுப்பாக உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு முக்கிய வேடம் போய்விடும். மற்றவர்கள் மரமாகவும் கூட்டமாகவும் நிற்பார்கள். கூச்சப்படும் குழந்தைக்கு எப்போதும் மரம்தான் கிடைக்கும். முறை வரும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தே பாதி விடுமுறை போய்விடும். கடைசி நாள் நாம் கைதட்டுவோம், படம் எடுப்போம். அவளுக்குக் கிடைத்தது என்ன?

நல்ல பயிலரங்கு விளையாட்டில் தொடங்கும். எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் தன் பெயரை ஓர் அசைவோடு சொல்ல, மற்றவர்கள் அதையே திருப்பிச் செய்வார்கள். அப்புறம் கண்ணாடி விளையாட்டு. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடிபோல அப்படியே செய்ய வேண்டும். இதில் பேச்சே தேவையில்லை. நாலைந்து பேர் சேர்ந்து உடம்பாலேயே ஒரு ரயில் நிலையத்தையோ மருத்துவமனையையோ சிலையாக நின்று காட்டுவார்கள். பிறகு அர்த்தமே இல்லாத ஒலிகளில் பேசி, எதிரில் இருப்பவரிடம் எதையாவது விற்க வேண்டும். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயப்படும் குழந்தைக்கு இந்த உளறல் பெரிய விடுதலை. அதில் தப்பான சொல் என்று ஒன்று இருக்கவே முடியாதே! இதெல்லாம் பழகிய பிறகுதான் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு காட்சிகளை அவர்களே உருவாக்குவார்கள். வசனம் தானாக வரும்.

இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகளோடு ஆடப்படும் இப்படிப்பட்ட அரங்க விளையாட்டுகள் பலவற்றை வகுத்தவர் வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1930களின் இறுதியில், பல நாடுகளிலிருந்து குடியேறிய மக்கள் வாழ்ந்த சிகாகோ பகுதிகளில் வேலை செய்தபோது இவற்றை அவர் உருவாக்கத் தொடங்கினார். அவர் கண்டுகொண்ட விஷயம் எளிமையானது. "எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்" என்ற நினைப்புதான் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது. கவனம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், அந்த நினைப்புக்கு இடம் இல்லாமல் போகிறது. "சபாஷ்" என்ற பாராட்டையும் "அப்படி இல்லை" என்ற கண்டிப்பையும் ஆசிரியர் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னார். பாராட்டுக்காக ஆடும் பிள்ளை, ஆட்டத்தை விட்டுவிட்டு ஆசிரியர் முகத்தையே பார்க்கத் தொடங்கிவிடும் அல்லவா?

மேடை விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. சின்னப் பிள்ளைகளை அவசரமாக மேடையேற்றுவது அவர்களுடைய இயல்பான பாவனை விளையாட்டைக் கெடுத்துவிடும் என்று இங்கிலாந்தின் குழந்தை நாடக முன்னோடி பீட்டர் ஸ்லேட் 1950களிலேயே வாதாடினார். நானும் அந்தக் கட்சிதான். கடைசி நாளில் ஏதாவது காட்டத்தான் வேண்டும் என்றால், அவர்கள் பழகிய அதே அறையில், அதே தரையில், பெற்றோர் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். மேடைதான் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதென்றால், மகளைக் கூட்டமாக வரும் காட்சியில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒலி எழுப்புவது, திரைக்குப் பின்னால் பொருள்களை எடுத்துக் கொடுப்பது ஆகியவையும் நாடக வேலைதான். அன்று காலையில் "வேண்டாம்" என்றால் விட்டுவிட அவர்கள் தயாராக இருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். கூச்ச சுபாவம் நோய் இல்லை, 10 நாளில் கரைந்து போவதும் இல்லை. "உன் கூச்சம் போகத்தான் அனுப்புகிறோம்" என்று தயவுசெய்து அவளிடம் சொல்லாதீர்கள். தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற எண்ணத்தோடு அவள் அங்கே போகக் கூடாது. விளையாடத்தான் போகிறாள். பயிற்சியாளரிடம் மட்டும் தனியாக, "முதல் ஓரிரு நாள் அவள் ஓரமாக இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். "பார்க்கட்டும், தோன்றும்போது உள்ளே வரட்டும்" என்று பதில் வந்தால் நம்பி விடலாம். "இழுத்து நடுவில் நிறுத்தினால் சரியாகிவிடும்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். பள்ளியில் அவள் ஆசிரியரிடமோ தோழிகளிடமோ கொஞ்சமாவது பேசுகிறாளா? வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளி போன்ற இடங்களில் ஒரு மாதத்துக்கு மேலாக வாயே திறக்கவில்லை என்றால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். செலக்டிவ் மியூட்டிசம் என்று ஒரு நிலை உண்டு. பிடிவாதம் அல்ல, பதற்றத்தால் பேச்சு வராமல் போவது அது. அப்படியானால் முதலில் குழந்தைகள் மனநல நிபுணரைப் பார்த்து, பயிலரங்கைப் பற்றி அவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இடத்தைப் போய்ப் பாருங்கள். 15 பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்களாவது கூடவே இருக்க வேண்டும். பிள்ளைகளின் படத்தை உங்களைக் கேட்காமல் வெளியிடக் கூடாது.

மகன் தானாகக் கேட்கிறானே, அதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? அனுப்புங்கள். ஆனால் தங்கையோடு ஒரே குழுவில் வேண்டாம். 13 வயதில் எல்லோர் கண்ணும் தன்மேல்தான் என்ற எண்ணம் பலமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு விட்டால் கோமாளித்தனம் செய்தே தப்பித்துக்கொள்வான், இல்லாவிட்டால் சலித்துப்போவான். அந்த வயதுக்காரர்களுக்குத் தாங்களே விவாதித்து, எழுதி, ஒத்திகை பார்த்து உருவாக்கும் வேலை வேண்டும். அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை என்று ஒரு காட்சியில் அவன் அப்பாவாக நின்று பேச நேர்ந்தால், அது அவனுக்கு நல்லதுதான். நடிப்பு ஆசை வந்தால் வரட்டுமே. ஆசைகளை முயன்று பார்க்கும் வயதுதானே இது? ஒரு விடுமுறையின் 10 நாள் படிப்பைக் கெடுத்துவிடாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "இன்று என்ன கற்றுக்கொண்டாய், நடித்துக் காட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள், விருந்தினர் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். யாரோடு விளையாடினாள் என்று கேட்டால் போதும். மூன்றாம் நாள் மகள் "போகமாட்டேன்" என்றால் என்ன நடந்தது என்று விசாரியுங்கள், பயிற்சியாளரிடம் பேசுங்கள், இன்னும் ஒரு நாள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.